ரொட்டிக் கன்னமும் ரெட்டைச்சுழியும்

பென்சிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அதன் பின்பக்கத்து ரப்பரால்தான் மிஸி கம்ப்யூட்டரில் எழுத்துகளைத் தட்டுவார். விரலால் தட்டினால் ஒன்றுக்கு இரண்டாக விழுகிறதாம். "இது புள்ளைங்கள அமுக்கிப் புடிச்ச வெரலு தங்கச்சி, இதுக்கு மெதுவா தொடத் தெரியாது" என்பார். தட்டி முடித்ததும் பென்சில் கொண்டைக்குள் போய்விடும். அப்புறம் அதைக் காணோம் என்று மேசையெல்லாம் தேடுவார். வரிசையில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர் தன் தலையைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

பினாங்கில் நர்ஸ் வேலை பார்க்கும் பெண்களை எல்லாரும் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். இவர் முறையாகப் படித்த நர்ஸா என்று எனக்குத் தெரியாது. குவீன் ஸ்திரீட் பக்கம், ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த கிளினிக் அது. கவுண்டரில் உட்காருவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, ஊசிக்கு அழும் பிள்ளையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் அவர்தான். அதனால் மிஸி. அவருக்கென்று ஒரு சொந்தப் பெயர் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அவரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்தைப் பார்த்து அவரே ஒரு பெயர் வைத்துவிடுவார். மூக்கில் மச்சம் இருந்த சீனக் கிழவருக்கு 'மிளகு'. எப்போதும் சண்டை போட்டுக்கொண்டு வரும் ஒரு தம்பதிக்கு 'ரேடியோ'. என் மகளுக்குக் கன்னம் உப்பியிருக்கும். அவள் 'ரொட்டிக் கன்னம்'. கிளினிக் கார்டை நீட்டினால் அதைப் பார்க்கவே மாட்டார். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளையின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்புவார்.

"பேரு கேக்கலயா மிஸி?" என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள்.

"பேருக்கா காய்ச்சலு? புள்ளைக்குத்தானே காய்ச்சலு? மூஞ்சியக் காட்டுலா."

திங்கட்கிழமை காலையில் வரும் ஃபேக்டரிப் பையன்கள் அவரிடம் நன்றாக மாட்டிக்கொள்வார்கள். எம்சி என்கிற டாக்டர் சீட்டு இல்லாமல் லீவு போட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

"என்னா தம்பி, வயித்து வலியா? நேத்து வெட்டிங் டின்னருல டான்ஸ் ஆடுனப்ப வலிக்கலயா?"

"ஐயோ மிஸி, நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. இப்பத்தான் நீயே சொன்ன. பாத்துக்கலாம், உக்காரு."

வரிசையே சிரிக்கும். ஆனால் அவனை உள்ளே விட்டுவிடுவார். எவ்வளவு கூட்டமென்றாலும், மூடும் நேரமென்றாலும், யாரையும் அவர் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. "பாத்துக்கலாம், உக்காரு" என்பதுதான் அவர் எல்லாருக்கும் சொன்ன பதில். அந்த வார்த்தையைக் கேட்டாலே பாதி நோய் போய்விடும் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது அதே வார்த்தையை நினைத்தால் பயமாக இருக்கிறது. இரண்டும் உண்மைதான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

முதன்முதலில் அவர் அதை எனக்குச் சொன்னது என் மகள் நடக்கப் பழகிக்கொண்டிருந்த காலத்தில். நான் அப்போதுதான் பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஸ்டோர் கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். வேலையில் நிரந்தரமானால்தான் பேனல் கிடைக்கும். பேனல் என்றால், கம்பெனி குறிப்பிட்ட சில கிளினிக்குகளில் நமக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தியச் செலவை ஏற்றுக்கொள்வது. எனக்கு அது இன்னும் வரவில்லை. பிள்ளைக்கு நெருப்பாகக் காய்ந்தது. "மிஸி, எனக்கு பேனல் இல்ல" என்று தொடங்கினேன். "ஒன்னைய யாரு கேட்டா? பாத்துக்கலாம், உக்காரு" என்று பிள்ளையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

டாக்டர் ஊசி போட்டார். வெளியே வந்து உட்கார்ந்து நான் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். கவுண்டருக்குப் பின்னாலிருந்து மிஸி எழுந்து நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"டாக்டர், இந்தப் புள்ள மூஞ்சி மாறுது!"

பெற்ற நான் மடியில் வைத்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் அங்கிருந்து பார்த்துவிட்டார். உதடு தடித்துக்கொண்டு வந்தது. பிள்ளையைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினார். டாக்டர் வேறு ஊசி போட்டார், மூச்சு சீராகும்வரை மிஸி அவளைத் தோளில் சாய்த்தபடி நின்றார். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்னால் பேனல் வந்து எங்களுக்குக் கார்டு போட்டபோது, அதன் மேல் சிவப்புப் பேனாவால் அதைப் பெரிதாக எழுதியவரும் அவர்தான். "பேச முடியாத புள்ளைக்கு இதுதான் வாயி" என்றார்.

ஆக, என் மகளுக்கு எது ஆகாது என்பது உலகத்தில் எனக்கு முன்னால் தெரிந்த ஆள் அவர். இதை நான் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொள்கிறேன். சொல்லச் சொல்ல எதுவும் தெளியவில்லை.

தொண்ணூறுகளில் கிளினிக்குக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. அதைக் கொண்டுவந்து பூட்டிய சீனப் பையன் பல நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். கார்டிலிருந்ததையெல்லாம் உள்ளே ஏற்றினார்கள். என் மகளின் பக்கத்தைத் திறந்தால் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்ற வரி மேலே மின்னி மின்னி அணையும். பெனிசிலின் வகை மருந்துக்குச் சீட்டு அடிக்கப் போனால் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும். அந்த வரி இருக்கும்வரை மேலே நகராது. எனக்கு அதை ஒரு தடவை போட்டுக் காட்டினார்.

"பாத்தியா தங்கச்சி, ஒம்மகளுக்கு ஒரு காவக்காரன் வெச்சாச்சி."

அன்று ஃபேக்டரி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். பயந்த சுபாவம் எனக்கு. அப்படி பஸ்ஸில் தூங்கியது அரிது.

அதற்கப்புறம் கொஞ்ச காலத்தில் எங்கள் ஃபேக்டரி பெர்சனல் ஆபீஸில் இருந்த அண்ணன் ஒருவர், பேனல் பில்களைச் சரிபார்ப்பவர், கேன்டீனில் என்னைப் பார்த்துக் கேட்டார். "என்னா தங்கச்சி, ஒம்மக அந்த கிளினிக்குல ரூம் எடுத்துத் தங்கிட்டாளா? மாசம் தவறாம பில்லு வருதே." நானும் சிரித்தேன். மகளுக்கு அடிக்கடி சளி பிடிக்கும். அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அவளுக்கு ஒன்பது வயதானபோது தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. எனக்குப் பகல் ஷிப்ட். தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறைக்கு லோரி ஓட்டும் என் வீட்டுக்காரருக்கு அன்று ஓய்வு, அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். மிஸி அன்று லீவு. டாக்டரும் ஊரில் இல்லை, அவருக்குப் பதிலாக ஓர் இளம் டாக்டர் இருந்தார். அவர் திரையைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், மருந்து எழுதினார். எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் நினைத்தார். அந்த டாக்டரும் அதைத்தான் நினைத்திருப்பார். இருவர் மேலும் எனக்குக் கோபமில்லை என்று சொல்லப் பார்க்கிறேன்.

நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மருந்து கொடுத்துச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. கதவைத் திறந்ததும் அவள் திரும்பினாள். கண் இரண்டும் வீங்கிக் கோடாக இருந்தன. "அம்மா, தொண்ட அடைக்குது" என்றாள், பாதிக் குரலில். பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் அவள் மூச்சின் சத்தம் விசில் மாதிரி கேட்டது. ஓரிடத்தில் அந்தச் சத்தமும் நின்றது. அதைப் பற்றி என்னால் இதற்கு மேல் எழுத முடியாது.

பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து இட்லி கேட்டுச் சாப்பிட்டாள். மருந்துப் புட்டியை எடுத்துக்கொண்டு நான் கிளினிக்குக்குப் போனேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்காகக் கிளினிக்கை மூடியிருந்த நேரம். ஊரிலிருந்து திரும்பியிருந்த டாக்டர், அந்தக் கம்ப்யூட்டர் பையனையும் வரவழைத்திருந்தார். என் மகளின் பக்கத்தைத் திறந்தார்கள். மேலே எதுவும் மின்னவில்லை. வெறும் பச்சை எழுத்துகள் அசையாமல் இருந்தன.

பையன் மலாயில் விளக்கினான். யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள், எதைச் சேர்த்தார்கள், எதை அழித்தார்கள் என்பதைக் கம்ப்யூட்டர் தனியாக எழுதிக்கொண்டே வரும். ஆடிட் லாக் என்று பெயராம். அதை டாக்டராலும் அழிக்க முடியாதாம். என் மகளின் பக்கத்துக்கு மட்டும் அதை அச்சடித்துக் கொடுத்தான். டாக்டர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸி, இந்த வரிய நீங்க எடுத்தீங்களா?"

"எடுத்தேன் டாக்டர்." ஒரு தயக்கமும் இல்லை. "திரும்பப் போட்டுட்டேன்."

"எடுத்தது இருக்கு. போட்டது இல்லயே. புள்ள மருந்து வாங்க வந்ததுக்கு முந்தின நாளு எடுத்திருக்கீங்க."

"போட்டேன் டாக்டர். ஒவ்வொரு எழுத்தா தட்டிப் போட்டேன். எப்பயும் போடுவேன்."

எப்பயும் என்றால் என்ன என்று அப்போதுதான் நான் தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை அந்த வரி எடுக்கப்பட்டிருந்தது, பெனிசிலின் மாத்திரைக்குச் சீட்டு அடிக்கப்பட்டிருந்தது, பிறகு வரி திரும்ப வைக்கப்பட்டிருந்தது. மேலிருந்து கீழே வரை இதேதான். கடைசித் தடவை மட்டும் எடுத்ததோடு நின்றிருந்தது. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு பெண்ணின் பெயர். நான் கேள்விப்படாத பெயர். யார் இவள் என்று ஒரு கணம் குழம்பினேன். மிஸியின் பெயர் அது. இத்தனை வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன்.

"யாருக்கு இந்த மாத்திரை?" என்று கேட்டேன். "எம்மகளுக்கு இது வெஷம்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"ஒம்மகளுக்குக் குடுக்கல தங்கச்சி. ரெட்டைச்சுழிக்கு."

மார்க்கெட் ஸ்திரீட்டுக்குப் பின்னால் மசாலா அரைக்கும் மில்லில் வேலை செய்த ஒரு பெண்ணின் மகள். உச்சியில் இரட்டைச் சுழி. என் மகள் வயதுதான். நெஞ்சில் வால்வு கெட்டுப்போய், இருபது வயது தாண்டும்வரை தினமும் பெனிசிலின் சாப்பிட வேண்டிய பிள்ளை. பிறப்புப் பத்திரம் எடுக்காமலே விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அதைக் கேட்பார்கள், அந்தத் தாய்க்கு ஒரு நாள் கூலியும் போகும். கிளினிக்கில் அந்தப் பிள்ளைக்கும் ஒரு பக்கம் இருந்தது. எப்போதாவது பணம் இருந்த மாதம் அதில் வாங்குவார்கள். பணம் இல்லாத மாதங்களில் மிஸி அவளை என் மகள் பெயரில் பார்த்துவிட்டார், பேனல் கணக்கில். மாத்திரைக்குச் சீட்டு அடிக்கக் கம்ப்யூட்டர் விடவில்லை. அதனால் வரியை எடுப்பார், சீட்டு அடிப்பார், வரியைத் திரும்ப வைப்பார்.

"கம்பெனிதானே குடுக்குது தங்கச்சி. ரொட்டிக் கன்னத்துக்கு இதுல என்னா கொறஞ்சிது?"

"கொறயலயா?" என்று கத்தினேன். "மூச்சே கொறஞ்சிது! காருல எம்மடியில கெடந்தா, மூச்சு நின்னுச்சி. பொய் சொல்லாதீங்க. நீங்க திரும்பப் போடல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் பையனிடம் திரும்பினார். வரியை எடுத்த அந்த முந்தின நாளில் வந்த எல்லாருடைய பக்கத்தையும் அச்சடிக்கச் சொன்னார். பிரிண்டர் கரகரவென்று கத்திக்கொண்டே இருந்தது. மடிப்பு மடிப்பாகத் தாள் தரையில் இறங்கியது. டாக்டர் குனிந்து விரலை வைத்துத் தேடினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

வரி இருந்தது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று, அவர் சொன்ன மாதிரியே, அதே நாளில் சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் என் மகளின் பக்கத்தில் இல்லை. ரெட்டைச்சுழியின் சொந்தப் பக்கத்தில் இருந்தது.

"கரண்டு போச்சே அன்னிக்கி" என்றார் மிஸி மெதுவாக. மாத்திரைச் சீட்டு வந்ததும் கரண்ட் போய்விட்டதாம். வந்தபின் எல்லாவற்றையும் மறுபடி திறக்க வேண்டியிருந்தது. எதிரே அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தார், அவள் பக்கத்தைத் திறந்தார், எடுத்த வரியைப் போட்டார். அவர் எப்போதும் அப்படித்தானே. கார்டைப் பார்க்க மாட்டார், முகத்தைத்தான் பார்ப்பார்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவார், அழுவார், என் கையைப் பிடிப்பார் என்று நான் காத்திருந்தேன். நான் அதற்குத் தயாராகக்கூட இருந்தேன் என்று நினைக்கிறேன். அவர் வாயில் வந்த முதல் வார்த்தை இது:

"ஐயோ, அப்பன்னா அடுத்த தடவ ரெட்டைச்சுழிக்கு மருந்து குடுக்க மாட்டாங்களே!"

சொல்லிக்கொண்டே கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, கம்ப்யூட்டர் பக்கம் போனார். டாக்டர், "தொடாதீங்க மிஸி" என்றார். அப்படி ஒரு குரலில் அவர் மிஸியிடம் பேசி நான் கேட்டதில்லை. மிஸி நின்றார். பென்சில் கையிலேயே இருந்தது.

"நான்தான் போட்டேன் டாக்டர். நானே எடுத்துடறேன்."

"தொடாதீங்க."

டாக்டருக்கு இதெல்லாம் முன்பே தெரியுமா? மாதாமாதம் பெனிசிலின் யாருக்குப் போகிறது என்று தெரியாமலா கையெழுத்துப் போட்டார்? நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு மிஸி என் பக்கம் வந்தார். "தங்கச்சி" என்றார். பாத்துக்கலாம் என்றாவது சொல்லியிருக்கலாம்.

டாக்டர் என்னிடம், "நீங்க கம்ப்ளெயின் பண்ணலாம். பண்ண வேணாம்னு நான் சொல்ல முடியாது. ஒங்க முடிவு" என்றார். எனக்குத் தெரியல டாக்டர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெயிலில் நின்றபோதுதான் மருந்துப் புட்டி இன்னும் என் கையில் இருப்பது தெரிந்தது.

பஸ்ஸில் ஒரு விஷயம் தோன்றியது. எனக்கு பேனல் இல்லாத அந்த நாளில், என் கைப்பிள்ளைக்கு ஊசி போட்ட நாளில், என்னிடம் யாரும் பணம் கேட்கவில்லை. அன்று அவள் எந்தப் பிள்ளையின் பெயரில் உள்ளே போனாள்? டாக்டர் பெரிய மனது பண்ணிவிட்டார் என்று நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அடுத்த முறை நான் அந்தப் பக்கம் போனபோது கவுண்டரில் வேறொரு பெண் இருந்தாள். கார்டைக் கேட்டாள், பெயரை இரண்டு முறை சொல்லச் சொன்னாள், அடையாள எண்ணையும் சரிபார்த்தாள். மிகச் சரியாக வேலை செய்தாள். எனக்கு அதில் நிம்மதியும் இருந்தது, ஓடிவிடலாம் போலவும் இருந்தது.

"மிஸி எங்க?" என்று கேட்டேன்.

"அவங்க நின்னுட்டாங்க."

தானாக நின்றாரா, நிறுத்தினார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் கம்ப்ளெயின் எழுதவில்லை. எழுதாதே என்றும் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர், "அந்தம்மாவுக்காகவா கவலப்படற? நம்ம புள்ள செத்திருக்கும்" என்றார். அதுவும் சரிதான். மசாலா மில்லுக்கு ஒரு நாள் போய் விசாரித்தேன். அந்தப் பெண் பிறைப் பக்கம் ஏதோ ஃபேக்டரிக்குப் போய்விட்டாள் என்றார்கள். மகளைப் பற்றிக் கேட்டேன். கூட்டிக்கொண்டுதானே போயிருப்பாள் என்றார்கள்.

இப்போது என் மகள் என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் கவுண்டரிலும் சொல்லுவேன், டாக்டரிடமும் சொல்லுவேன், மருந்து வாங்கும்போதும் சொல்லுவேன். "அம்மா, கேட்டுச்சி அவங்களுக்கு" என்று அவள் வெட்கப்படுவாள். சொல்லும்போதெல்லாம் இரண்டு பிள்ளைகளின் முகம் வருகிறது. ஒன்றைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சம்பவம் நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, பெர்சனல் ஆபீஸ் அண்ணன் என்னைக் கேன்டீனில் பார்த்துக் கையைக் காட்டினார். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி நல்ல மனதோடுதான் கேட்டார்.

"என்னா தங்கச்சி, ஒம்மக பில்லே வரலயே இப்பல்லாம். நல்லாயிட்டாளா?"

என் மகள் நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் அந்தப் பில்கள் அவளுடையவை அல்ல, ரெட்டைச்சுழியுடையவை. அவர் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.